பூச்சி டிரைவரின் மலை ரயில்

போன மாதம் எனக்கு நானே ஒரு பொம்மை ரயில் வாங்கிக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். அறுபதைத் தாண்டியவள் மூட்டுவலித் தைலம் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா என்ன? பெட்டியைப் பிரித்து இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பின்சக்கரம் இரண்டிலும் மெல்லிசாக ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. மேடு ஏறும்போது வழுக்காமல் இருப்பதற்காம், கூட வந்த தாளில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சட்டென்று அப்பாவின் குரல் காதில் விழுந்தது. "ரப்பரா? கள்ளாட்டம்டி அது."

ஏன் வாங்கினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் என்னோடு விழுப்புரம் ரயில்வே காலனிக்கு வர வேண்டும். நம் வயதுக்காரர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கரித்துகள் படிந்திருக்கிறதா, அதுதான் காலனி.

அப்பா இன்ஜின் டிரைவர். சென்னை லைனில்தான் கரண்ட் வந்துவிட்டதே, கரி இன்ஜின் எங்கே ஓடியது என்று கேட்கிற ஆள் ஒருவராவது உங்களில் இருப்பீர்கள். பாசஞ்சருக்குத்தான் ஐயா கரண்ட். சரக்கு வண்டிக்குச் சில நாட்களில் கரி இன்ஜினைத்தான் மாட்டி அனுப்புவார்கள். என் அப்பாவே ஓட்டினார், எனக்குத் தெரியாதா? எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை அப்பா இரவு டூட்டி முடிந்து வந்தார். பகலில் தூங்க வேண்டும், சாயங்காலம் மறுபடி கூட்ஸ் வண்டி. ஆனால் நான் விடவில்லை. ஒரு பழைய பாட்டரி ரெக்கார்டு பிளேயரின் மோட்டாரை வைத்து எனக்கு ரயில் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குச் சக்கரம் செய்கிற நாள். பெரிய வாஷரையும் சின்ன வாஷரையும் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்து, அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். இரும்புத்தூள் அவர் முழங்கால் மயிரில் மினுமினுத்தது. நடுவில் அம்மா வந்து, "கண்ணை மூடுங்க கொஞ்சம், மூஞ்சி எப்படி இருக்குது பாருங்க" என்றாள். "இதோ ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிச் சொல்லியே பொழுது சாய்ந்துவிட்டது. ஆறு சக்கரத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனார்.

அன்றைக்குத்தான் வண்டி நின்றது.

திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு உண்டு. காரில் போனால் உங்களுக்குத் தெரியாது, முதுகில் நூற்றுக்கணக்கான டன்னைக் கட்டிக்கொண்டு போகிற இன்ஜினுக்குத்தான் அது மேடு. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தூறல் போட்ட சாயங்காலம். கொல்லையில் செடியை எல்லாம் மொட்டையடித்து முடித்த செங்கம்பளிப் பூச்சிகள், அந்தச் சிவப்பு மயிர்ப் புழுக்கள், அடுத்த கொல்லைக்குப் போவதற்காகக் கூட்டமாகத் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தன. "லைனே தெரியல. செவப்பா போர்வைய விரிச்சாப்பல இருந்துச்சு" என்றார் அப்பா. இன்ஜின் அதன் மேல் ஏறியது, பூச்சி நசுங்கியது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வழுக்கினால் தூவுவதற்கென்று இன்ஜின் பெட்டியில் வைத்திருக்கும் மணல் அத்தனையையும் தண்டவாளத்தில் விட்டுப் பார்த்தார். கொஞ்ச தூரம் ஏறியது, மணல் தீர்ந்தது, மறுபடி வழுக்கியது. பின்னால் வந்த பாசஞ்சர் இரண்டு மணி நேரம் நின்றது. கடைசியில் வேறொரு இன்ஜின் வந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டது.

அன்று ராத்திரி கொட்டிய மழையில் தண்டவாளம் கழுவிவிட்டாற்போல் ஆகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தவர்கள் ஒரு பூச்சியையும் காணவில்லை. பூச்சியால் ரயில் நின்றது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கூட இருந்து கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் மாமாவும் அதையே சொன்னார். டிரைவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று அவர் பேச்சையும் தள்ளிவிட்டார்கள். டிரைவர் கண் அசந்துவிட்டான், வேகத்தை விட்டுவிட்டான், மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பெரியவர்கள் கணக்கு அப்படிப் போனது. விசாரணை முடியும்வரை அப்பாவை இன்ஜினிலிருந்து இறக்கி ஷெட்டுக்குள் சில்லறை வேலைக்குப் போட்டார்கள். முடிவு பாதகமாக வந்தால் இனி ஆயுசுக்கும் மெயின் லைன் கிடையாது.

காலனியில் அப்பாவுக்கு ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். பூச்சி டிரைவர். குழாயடியில் நான் குடத்தை வைத்தால், "பூச்சி டிரைவர் மவ வந்துட்டா, வழி உடுங்கடி, வழுக்கிடப் போறா" என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் கெக்கெக்கே என்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நேராகவே சொல்லிவிடுகிறேனே, எனக்கும் அப்பா மேல் சந்தேகம் இருந்தது. பூச்சியை நான் அடித்திருக்கிறேன், விளக்குமாற்றால் தள்ளியிருக்கிறேன். அதுவா ரயிலை நிறுத்தும்?

இப்போது ஒரு பிஸ்கட் கதைக்கு வருகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். நல்ல மனிதர், சிரித்த முகம். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். என் கையில் இருந்த சக்கரத்தைப் பார்த்து, "யாரு பாப்பா செஞ்சு குடுத்தது?" என்றார். அப்பா என்றேன். "அடேங்கப்பா! எப்ப செஞ்சாரு?" வண்டி நின்ற அன்றைக்கு என்றேன். "அப்ப அன்னிக்குப் பகல்ல தூங்கவே இல்லையா?" நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன். "ம்ஹூம். எனக்காக நாள் பூராவும் ராவிக்கினே இருந்தாரு." அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். பிஸ்கட்டின் நடுவில் வெல்லப்பாகு போல் ஒட்டுகிற சிவப்பு ஜாம் இருந்தது. அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது, தொலைய மாட்டேன் என்கிறது.

நாலைந்து நாள் கழித்து ஃபயர்மேன் மாமா வந்து கத்திக்கொண்டிருந்தார். "தூங்காம டூட்டிக்கு வந்தாருன்னு எவனோ போட்டுக் குடுத்துக்கீறான்ணே! அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும், கைய ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன்."

"உட்றா. எவனா இருந்தா இன்னா. நெசத்தத்தான சொல்லிக்கீறாங்க" என்றார் அப்பா.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த எவனோ நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.  அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வார் என்ற பயத்தைவிட, என்னால் அப்பா இனி இன்ஜின் ஏறவே மாட்டார் என்பதுதான் என்னை அரித்தது.

இதற்கு நடுவில் அப்பா ஒருநாள் கள்ளிப்பெட்டிப் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்குத் தெரியும். இன்ஜினுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, குடும்பம் குடும்பமாக உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு வேடிக்கை செய்து வைப்பார்கள். அந்த வருடம் மயிலம் மலை செய்து, அதன் மேல் ரயில் விடப்போகிறேன் என்றார் அப்பா. பொரியும் கடலையும் ஏற்றிக்கொண்டு ரயில் மலையேறி முருகனுக்குக் கொண்டுபோக வேண்டும். விசாரணைக் கேஸை முடிக்க வேண்டிய பெரிய அதிகாரி அன்றைக்கு வருவார். "பாக்கட்டும். எனக்கு மேடு ஏத்தத் தெரியுமா தெரியாதான்னு பாக்கட்டும்" என்றார்.

எங்கள் கூடத்தில் பாதியை மலை பிடித்துக்கொண்டது. பலகையின் மேல் சாக்கு போர்த்தி, செம்மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினோம். பெட்டிகளைக் கட்டி வருகிற இரும்புப் பட்டையை நிமிர்த்தித் தண்டவாளம் செய்தார் அப்பா. இன்ஜின் தகரத்தில். பல்சக்கரம் செத்துப்போன ஒரு சுவர்க்கடிகாரத்திலிருந்து. டார்ச் லைட் செல் நான்கும் இன்ஜினுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில். தரையில் விட்டபோது சிட்டாகப் பறந்தது. மலையில் விட்டோம். அரையடி ஏறியது, நின்றது. சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றின. அந்தச் சத்தம் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். திண்டிவனத்து மேட்டில் கேட்ட சத்தம் அதுதான் போலிருக்கிறது.

"மணலப் போடுண்ணே, ஏறிக்கினு போவுது பாரு" என்று ஃபயர்மேன் மாமா வந்தார். ரயில்வேக்காரன் புத்தி எங்கே போகும்! பெண்ணையாற்று மணலைச் சல்லடையில் சலித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தண்டவாளத்தில் தூவினார்கள் இரண்டு பேரும். ஏறியது. மாமா கைதட்டினார். மூன்றாவது தடவை கரகரவென்று ஒரு சத்தம், மோட்டாரிலிருந்து தீய்ந்த வாசனை. மணல் பல்சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நிஜ இன்ஜின் ஆனை மாதிரி, மணலை மிதித்துக்கொண்டு போகும். இது எலிக்குஞ்சு. ஒரு நாள் பூராவும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினோம். அம்மா அடுப்பைப் பற்றவைக்கவே பயந்தாள்.

அப்புறம் பாரம். இன்ஜின் இலேசாக இருப்பதால்தான் வழுக்குகிறது என்று அப்பாவுக்குத் தெரியும். மாமாவின் ஊர் திருவக்கரைப் பக்கம். அங்கே மரம் கல்லாகிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். எந்தக் காலத்திலோ அவர் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்க எடுத்து வைத்திருந்த ஒரு சில்லைக் கொண்டுவந்தார். இப்போது அதில் ஒரு துணுக்கை எடுத்தாலும் பிடித்து உள்ளே போடுவார்கள். வளையம் வளையமாக மரம்தான், பட்டைகூடத் தெரிகிறது. தூக்கினால் கல். நான் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மரமாக இருந்தபோது அதில் பறவை உட்கார்ந்திருக்குமா என்று கேட்டேன். "கெனாவுல வந்தா கேட்டுச் சொல்றேன்" என்றார் மாமா.

அதை இன்ஜினின் பின்பக்கம் கட்டினார்கள். முன்பக்கம் தூக்கிக்கொண்டது, வண்டி குதிரை மாதிரி நிமிர்ந்தது. முன்னால் கட்டினார்கள், பின்சக்கரம் சும்மா சுற்றியது. ஆறு சக்கரத்துக்கும் நட்டநடுவில் இறக்கி, செல் நான்கையும் பின்னாலிருந்து எடுத்து இன்ஜினுக்குள்ளேயே வைத்தார் அப்பா. இழுக்கிற பாரம் அழுத்துகிற பாரமாக மாறியது. ஒன்றரையடி ஏறியது. நான் குதித்தேன்.

அதோடு நின்றுவிட்டது. மேலே மலை செங்குத்து. அப்போதுதான் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டலாம் என்று நான் சொன்னேன். அப்பா இல்லாத நேரத்தில் மாட்டியும் விட்டேன். சத்தமே இல்லாமல் உச்சிவரை ஏறியது! அப்பா வந்தார், ஓடவிட்டுக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை, காதைச் சாய்த்துக் கேட்டார். "ரப்பர் வெச்சிருக்க" என்றார். வளையத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். "நெச இன்ஜின்ல ரப்பர் ஏதுடி? இரும்பு மேல இரும்புதான் ஏறணும். நான் ரப்பர்லயா ஓட்டினேன்?"

எனக்குக் கோபம். அழுதேன். "ஏறினாப் போதாதா?" என்றேன். அவர் பலகையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வழி சொன்னது அம்மாதான். அவள் பிறந்தது திண்டிவனம் பக்கம், மல்லாட்டை போடுகிற வீடு. கேப்பை மாவைக் கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "ஏன் நேரா ஏத்திக்கினு மல்லுக்கட்டுறீங்க? எங்கூர்ல ஏரிக்கரை மேல மாட்டு வண்டிய நேராவா ஏத்துவாங்க? சாய்ச்சு ஓட்டிக்கினு போவாங்க. மலையச் சுத்தி உடுங்க" என்றாள். அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்டவாளம் மலையை மூன்று சுற்றுச் சுற்றியது. திருப்பங்களை அகலமாக வைத்தார்கள். அப்பா தினமும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தண்டவாளத்தைத் தேய்த்தார், விரல் ரேகை பட்டால்கூடத் திட்டினார். எடுத்தவுடன் முழு வேகம் கொடுக்காமல் மெல்லக் கொடுக்க ஒரு கம்பிச் சுருளை வைத்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் அது ஏறியது. மூன்று பெட்டி நிறையப் பொரியோடு, இரும்பு மேல் இரும்பு, ஒரு தடவைகூட வழுக்காமல். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்கிற இடம் ஒரு கடுகளவுகூட இருக்காது. அந்தக் கடுகு அத்தனை பாரத்தையும் பிடித்துக்கொண்டு மேலே போவதை நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த வயதுவரை எத்தனையோ கோயில் கோபுரம் பார்த்துவிட்டேன், அப்படிச் சிலிர்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அம்மா திண்டிவனத்துக்குப் போனாள். அவித்த மல்லாட்டை கொண்டுவரத் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் மல்லாட்டைப் பை, இன்னொரு கையில் டிபன் கேரியர். இரண்டு கையும் முழங்கைவரை சிவந்து தடித்திருந்தன. "என்னம்மா ஆச்சு?" என்றேன். "செடியில அரிப்பு" என்றாள். டிபன் கேரியரைத் தொடக்கூடாது என்று பரண் மேல் வைத்துவிட்டாள்.

மறுநாள் ஷெட்டில் ஒரே கூட்டம். கரிவாசனையும் சாம்பிராணியும் கலந்த வாசனை. பூசாரியாக நின்ற ஃபிட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்து, எங்கள் குட்டி இன்ஜினின் சக்கரத்துக்கும் விரலை நீட்டினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நெத்தியில வை. சக்கரத்துல வெக்காத, வழுக்கும்." ஆயுத பூஜையன்று சக்கரத்துக்குப் பொட்டு வைக்க விடாத ஆளை அவர் பார்த்ததே இல்லையாம், முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அதிகாரி வந்தார். தேங்காய் உடைத்தார். அப்பா சுவிட்சைப் போட்டார். ரயில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று ஏறி, முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றது. ஷெட்டே கைதட்டியது. அப்பா நிமிர்ந்து நின்றார். ஆவணிக்குப் பிறகு அவர் அப்படி நின்று நான் பார்க்கவில்லை.

அதிகாரியும் கைதட்டினார். சிரித்துக்கொண்டே சொன்னார். "பிரமாதம். மேட்டுல இவ்வளவு அழகா ஏத்துறீங்க. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் நின்றுவிட்டது. மேடு ஏற்றத் தெரிந்தவன் அன்றைக்கு ஏற்றவில்லை என்றால் தூங்கித்தானே இருக்க வேண்டும்? ஏறியதே அப்பாவுக்கு எதிராகப் போய்விட்டது. 

"அதக் காட்டத்தான் சாமி வந்திருக்கேன்."

பெண்கள் கூட்டத்திலிருந்து அம்மா முன்னால் வந்தாள். இடுப்பில் டிபன் கேரியர். "ஏய், போ அந்தாண்ட" என்றார் அப்பா. அவள் போகவில்லை. அடித்தட்டைத் திறந்தாள். வேப்பந்தழையை விலக்கினால் உள்ளே செங்கம்பளிப் பூச்சிகள் நெளிந்துகொண்டிருந்தன. பெண்கள் வீலென்று கத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"நாங்க மல்லாட்டை போடுற ஜனங்க சாமி. பூச்சி எறங்கிச்சுன்னா எங்களுக்கு ரோடே தெரியாது. இது ரெண்டாவதா பொரிச்ச ஈடு, இதுவே இம்மாம் இருக்குது. ஆவணியில எம்மாம் இருந்திருக்கும்னு பாத்துக்குங்க." தடித்த கையாலேயே ஒரு பிடி பூச்சியை எடுத்து, இன்ஜின் துடைக்கிற பஞ்சில் வைத்து நசுக்கினாள். பச்சையாக வழிந்ததை இரண்டாவது சுற்றுத் தண்டவாளத்தில் ஒரு முழத்துக்குப் பூசினாள்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "என் வண்டிடி அது."

"உங்க வண்டிதான். அதான் உங்களையே ஓட்டச் சொல்றேன்."

எத்தனையோ வாரமாக வழுக்கக்கூடாது, வழுக்கக்கூடாது என்று கிடந்தோம். மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் அந்தத் தண்டவாளத்தையே பார்த்தார். பிறகு இன்ஜினைக் கீழே கொண்டுவந்து வைத்து, அவரே சுவிட்சைப் போட்டார்.

முதல் சுற்று ஏறியது. பச்சை பட்ட இடத்தைத் தொட்டதும் சக்கரம் விர்ரென்று சுற்றியது. வண்டி நின்றது. மெல்லப் பின்னால் சரிய ஆரம்பித்தது.  "மணல் போடு" என்றார் அதிகாரி, தன்னையறியாமல். ஃபயர்மேன் மாமா ஒரு சிட்டிகை தூவினார். ஒரு சாண் ஏறியது. மணல் முடிந்த இடத்தில் மறுபடி சுற்றி, மறுபடி சரிந்தது.

அதிகாரி குனிந்தார். தண்டவாளத்தை விரலால் தொட்டு, இரண்டு விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் தேய்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எவ்வளவு தூரத்துக்கு இருந்தது இது?" என்று கேட்டார்.

"நாலு ஃபர்லாங்கு இருக்கும்ங்க."

"மணல் எவ்வளவு தூரம் வந்தது?"

"ஒரு ஃபர்லாங்குகூட வரலைங்க."

எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றே கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டது அன்றைக்குத்தான். அதிகாரி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. விரலைக் கைக்குட்டையில் துடைத்து, அதைக் கசக்கி எறியாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தீபாவளி முடிந்த வாரத்தில் உத்தரவு வந்தது. அப்பா மறுபடி இன்ஜின் ஏறினார்.

அதுவரை நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று வீட்டுக்கு வந்தும் அப்பா அம்மாவோடு பேசவில்லை. தன் வண்டியை நாலு பேர் முன்னால் வழுக்கவைத்துவிட்டாளே என்று உறுமிக்கொண்டிருந்தார். இரண்டு நாளைக்கு நான்தான் தபால்காரி. மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்துக்கொண்டு அம்மாவின் கையில் பூசிக்கொண்டிருந்தார். "எத்தினிடி புடிச்ச?" "ரெண்டு தட்டு." "கையாலயா?" "பின்ன, காலாலயா?" சிரித்துவிட்டார்கள் இரண்டு பேரும்.

மலையைத் தை மாதத்தில் பிரித்து அடுப்பெரித்தோம். இன்ஜின் பல வருடம் பரணில் கிடந்தது, வீடு மாற்றியபோது காணாமல் போய்விட்டது. கல்மரச் சில் மட்டும் என் மேசை மேல் இருக்கிறது. காலனி போய், கரி இன்ஜின் போய், அப்பாவும் போய் ரொம்ப நாளாகிறது. பிஸ்கட் விஷயத்தை அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஐம்பது வருடமாக யோசித்திருக்கிறேன்.

இந்தத் தை மாதம் அம்மா போனாள். போன மாதம்தான் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறக்க மனம் வந்தது. பட்டுப்புடவைக்கு அடியில் பழுத்துப்போன காகிதக் கட்டு. அப்பாவின் விசாரணைக் காகிதங்களின் நகல். இங்கிலீஷில் தட்டச்சு அடித்தது. இரண்டாம் பக்கத்தில் நான் இருந்தேன். தொழிலாளியின் மகள், வயது பத்து. அன்று பகல் முழுவதும் தகப்பனார் உறங்கவில்லை என்றும், தனக்கு விளையாட்டு ரயில் செய்துகொண்டிருந்தார் என்றும் கூறினாள்.

அந்தப் பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோனேன். நகல் கிடைத்தது என்று அப்பா கையெழுத்துப் போட்ட தேதியைப் பார்த்தேன். ஃபயர்மேன் மாமா கத்தியதற்கு முன்னால். கள்ளிப்பெட்டிப் பலகையைத் தோளில் சுமந்து வந்ததற்கும் முன்னால். எல்லாம் தெரிந்துதான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாம்பல் குழைக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள், ஒரு பார்வை, ஒரு பேச்சு? ஒன்றும் இல்லை. இப்படி ஒரு மனிதர் கூடவா நான் அந்தச் சின்ன வீட்டில் இருந்தேன்!

அடியில், தொழிலாளி ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று இடம் விட்டிருந்தார்கள். அப்பா தமிழில் எழுதியிருந்தார், பென்சிலில், அரம் பிடிக்கிற கையெழுத்தில்.

"குழந்தை சொன்னது உண்மை. பகலில் தூங்கவில்லை. வண்டியிலும் தூங்கவில்லை. அவளை மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டாம்."

அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய் ரயில் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ரப்பர் வளையம் இரண்டையும் கழற்றிப் போட்டேன்.